ரேடியோ நெல் முதல் செல்போன் வரை: உழவர் எதை நம்பினார், ஏன் நம்பினார்?



சென்ற சந்திப்பு விழாவில் மதியப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் கணினி அறிவியல் படிக்கும் மாணவர். என் ஊர், தொழில் எல்லாம் விசாரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சார், விவசாயிகளுக்காக எவ்வளவோ ஆப் வந்தாச்சு. ஆனா அவங்க ஏன் சார் எதையும் யூஸ் பண்ண மாட்டேங்கறாங்க? புதுசுன்னாலே பயமா?" நான் வாயைத் திறப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. அப்புறம் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பதில் பாக்கியாகவே நின்றுபோயிற்று. இந்த ஆண்டு மலர்க் குழுவினர் "நீங்களும் ஏதாவது எழுதணும்" என்று வற்புறுத்தியபோது, அந்தக் கடனைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

நான் 1974 முதல் 1977 வரை இங்கே வரலாறு படித்தவன். காவிரியின் கடைமடைப் பக்கத்துக் கிராமத்தில், நெல்லை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவன். ஆகவே இந்தக் கேள்விக்குப் பாதி பதிலைப் புத்தகத்திலிருந்தும், மீதிப் பாதியை எங்கள் வீட்டுக் களத்திலிருந்தும் சொல்லப் போகிறேன்.

மேட்டூர் என்ற சொல்

எங்கள் ஊரில் கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர்கள்கூட ஒரு செய்தியைத் தவறவிட மாட்டார்கள். அது மேட்டூர் அணையின் நீர்மட்டம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் 120 அடி வரை நீரைத் தேக்கலாம். ஜூன் 12ஆம் தேதி பாசனத்துக்குத் திறப்பது வழக்கம். மே மாதம் பிறந்துவிட்டால் டீக்கடை ரேடியோவில் "மேட்டூர்" என்ற சொல் காதில் விழுந்ததும் பேச்சு நின்றுபோகும். பத்திரிகை வாங்குகிறவர் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் "இன்னைக்கு எத்தனை அடி?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

இந்தச் செய்தியைக் கேளுங்கள் என்று எந்த இலாகாவும் பிரசாரம் செய்யவில்லை. பயிற்சி முகாம் நடத்தவில்லை. அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் விதை நெல்லை ஊறப் போடுவதா, நாற்றங்கால் உழுவதா, குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பதா, பெண்டாட்டி நகையை இப்போதே அடகு வைப்பதா என்பதெல்லாம் தீர்மானமாயிற்று. செய்தி வந்தது, அதை வைத்து ஒரு காரியம் செய்ய முடிந்தது, அதனால் காது அதன் பக்கம் திரும்பியது. இந்த ஒரு உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பஞ்சாயத்து ரேடியோக் காலம்

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சி நிலையம் 1939 மே 16இலும் தொடங்கின. ஆனால் கிராமத்து உழவர் வீட்டுக்கு ரேடியோ வர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. பெட்டியின் விலை ஒரு பக்கம், அதற்குத் தபால் ஆபீஸில் பணம் கட்டி எடுக்க வேண்டிய லைசென்ஸ் ஒரு பக்கம். ஆகவே ஊருக்குப் பொதுவாகப் பஞ்சாயத்து ரேடியோ வைத்தார்கள். சிறிய கட்டடம், உள்ளே பூட்டி வைத்த பெட்டி, மேலே கூம்பு ஸ்பீக்கர், சாயங்காலம் வந்து திறந்து வைக்க ஓர் ஆள். அந்த ஆள் வராவிட்டால் அன்றைக்கு ஊருக்கே செய்தி கிடையாது.

ரேடியோ பேசும், உழவர் கேட்பார். திருப்பிக் கேள்வி கேட்க வழியில்லை. இந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சி ஒன்று 1956இல் புனே பக்கம் நடந்தது. யுனெஸ்கோ உதவியுடன் அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சுமார் இருபது பேர் கொண்ட வானொலி மன்றம் அமைத்தார்கள். வாரம் இரண்டு நாள் அரை மணி நேர நிகழ்ச்சி, மொத்தம் இருபது நிகழ்ச்சிகள். கேட்டு முடித்ததும் கலைந்து போகக் கூடாது. உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். சந்தேகங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், பதில் மறு நிகழ்ச்சியில் வரும்.

டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் பால் நியூராத் என்ற அறிஞர் இதன் பலனை ஆராய்ந்தார். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் விவசாய அறிவு நன்றாகக் கூடியிருந்தது. ரேடியோ இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் அவ்வளவு மாற்றம் இல்லை. இரண்டு ஊரிலும் ரேடியோ இருந்தது. கூடி உட்கார்ந்து "இது நம்ம மண்ணுக்கு ஆகுமா?" என்று பேச முடிந்ததும், கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததும்தான் வித்தியாசம். 1959இல் இத்திட்டம் நாடு முழுவதும் விரிந்தது. விரிந்த வேகத்துக்குக் கேள்விகளுக்குப் பதில் போடும் வேலை ஈடுகொடுக்கவில்லை. மன்றங்கள் நாளடைவில் மங்கிப்போயின.

ரேடியோ நெல்

இப்போது நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டு விவசாய வரலாற்றில் ஒரு நெல் ரகத்துக்கு வானொலியின் பெயரே அமைந்தது என்பது இன்றைய மாணவர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

1960களின் தொடக்கத்தில் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் என்ற ஒன்றை மத்திய அரசு ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு நாட்டின் சில மாவட்டங்களில் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஜனங்கள் அதைப் "பேக்கேஜ் திட்டம்" என்பார்கள். விதை, உரம், பூச்சி மருந்து, கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுப்பது அதன் நோக்கம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதலே நம் டெல்டாவில் இயங்கி வந்தது. அங்கிருந்து 1960களின் நடுவில் வெளிவந்தது ஏ.டி.டி. 27. ஜப்பானிய வகையான நோரின் 10ஐயும் நம் ஜி.இ.பி. 24ஐயும் கலந்து உண்டாக்கிய ரகம். சுமார் 105 நாளில் அறுவடை. குறுவைக்கு என்றே பிறந்தது போன்ற பயிர்.

அதே சமயத்தில், 1966இல், அகில இந்திய வானொலியின் சில நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. திருச்சி அவற்றுள் ஒன்று. அந்நிலையம் ஏ.டி.டி. 27 பற்றித் தொடர்ந்து ஒலிபரப்பியது. எப்போது விதைப்பது, எத்தனை நாள் நாற்று, எவ்வளவு உரம், எப்போது களை என்று பருவத்தோடு பருவமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. நிபுணர் மட்டும் பேசவில்லை, பயிர் செய்து பார்த்த உழவர்களும் பேசினார்கள். ரகம் வேகமாகப் பரவிற்று. ஏ.டி.டி. 27 என்ற பெயர் வாயில் நுழையாதவர்கள் அதை "ரேடியோ நெல்" என்றார்கள். பிற்காலத்தில் உலகின் பல நாடுகளில் தகவல் தொடர்பு பற்றி எழுதியவர்கள் இந்தப் பெயரை எடுத்துக் காட்டினார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் பெரியப்பாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. தோல் உறை போட்டு, வரப்பில் குடையோடு சேர்த்து எடுத்துப் போவார். ரேடியோ சொன்ன நாளிலிருந்து ஒரு மாதம் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து ஊர் மைத்துனர் வயலைப் போய்ப் பார்த்தார். டிப்போவில் விதை இருக்கிறதா என்று விசாரித்தார். கிராம சேவக்கை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, அதே கேள்வியை நாலு விதமாகக் கேட்டார். அப்புறமும் எல்லா நிலத்திலும் போடவில்லை. மூன்று மா மட்டும் ஒதுக்கினார். மூன்று மா என்றால் சுமார் ஒரு ஏக்கர்.

விளைச்சல் கண்ணை நிறைத்தது. மறு போகம் பாதி நிலத்தில் போட்டார். அந்தக் குறுவை அறுவடை நேரத்தில் ஐப்பசி மழை முந்திக்கொண்டு பிடித்துக்கொண்டது. களத்தில் குவித்த நெல் மூட்டம் போட்டு முளைவிட்டது. அம்மாவும் பெரியம்மாவும் கூடத்தில் நெல்லைப் பரப்பிக் கையால் கிளறிக்கொண்டிருந்த காட்சியும், வீடு முழுக்க இருந்த அந்தப் புளித்த வாடையும் இன்னும் நினைவில் இருக்கின்றன. பெரியப்பா யாரையும் திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இதுதான்: "ரேடியோக்காரர் பொய் சொல்லலடா தம்பி. ஆனா நெல்லு நனைஞ்சா நம்ம களத்துலதான் நனையும். ரேடியோ ஸ்டேஷன்ல நனையாது."

வரலாற்றுப் பாடத்தில் எத்தனையோ படித்தேன். தகவல் தொடர்பு பற்றி அதைவிடப் பெரிய வாக்கியத்தை நான் படித்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த கஷ்டம் அல்ல அது. குறுகிய காலக் குறுவையின் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்வது டெல்டா முழுவதற்கும் பிரச்சினை ஆயிற்று. ஈர நெல்லைக் காப்பாற்றும் வழி தேடி 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு நெல் பதன ஆய்வகம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்று தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. களத்து நெல்லின் ஈரம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தையே பிறப்பித்தது என்றால் மிகையாகாது.

பெரியப்பா அதற்குப் பிறகு ரேடியோவை மூட்டை கட்டிப் போட்டுவிட்டாரா? இல்லை. முன்னைவிடக் கவனமாகக் கேட்டார். மழை அறிவிப்பையும் சேர்த்துக் கேட்டார். எதைச் சொன்னாலும் "மூணு மா" கணக்கில் முதலில் போட்டுப் பார்த்தார். இதைப் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஐயோவா உழவரும் நம் உழவரும்

இது நம் நாட்டுப் பழக்கம் மட்டும்தானா? அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இருவர் வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். 259 உழவர்களைக் கண்டு பேசினார்கள். 1928க்கும் 1941க்கும் இடையில் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் புது விதைக்கு மாறியிருந்தனர். விளைச்சல் கூடுதல் என்பது தெரிந்த சங்கதி. அப்படியிருந்தும் அத்தனை ஆண்டு ஆயிற்று. பெரும்பாலோர் முதலில் கொஞ்சம் நிலத்தில் போட்டுப் பார்த்துத்தான் மாறினார்கள். செய்தியை முதலில் கொண்டுவந்தவர் பெரும்பாலும் விதை விற்பனையாளர். முடிவெடுக்க வைத்தவர் பக்கத்து நிலத்துக்காரர்.

படிப்பறிவும் டிராக்டரும் சொந்த நிலமும் இருந்த ஐயோவா உழவரும், வரப்பில் டிரான்சிஸ்டர் வைத்திருந்த எங்கள் பெரியப்பாவும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். நஷ்டம் தன் தலையில் விழும் தொழிலில் இருப்பவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடப்பார்.

பெட்டியில் படம் வந்தது

தொலைக்காட்சியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967 ஜனவரி 26இல் டெல்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களுக்காக 'கிருஷி தர்ஷன்' தொடங்கியது. நாங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நேரடி ஒளிபரப்பு நடந்தது. தமிழ்நாடு அதில் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. அதில் வந்த 'வயலும் வாழ்வும்' தலைப்பு நம் எல்லாருக்கும் தெரியும். அந்நாளில் நகரத்து வீடுகளில் அது சினிமாப் பாட்டுக்கு முன்னால் வரும் இடைஞ்சல். கிராமத்தில் அதற்கு வேறு மதிப்பு. பூச்சி எப்படி இருக்கும் என்று ரேடியோ ஆயிரம் வார்த்தை சொன்னதை அது ஒரு நொடியில் காட்டியது. பார்த்தவுடன் புரிந்தது. கேள்வி கேட்க மட்டும் வழியில்லை.

கோயில் இடத்தில் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் கிராமத்துக்குள் வந்த முறையை நம் பக்கத்து ஊர்களிலேயே பார்க்கலாம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம், கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் போன்றவை கிளைகள். தொடங்கும் முன் அவர்கள் செய்த வேலை முக்கியமானது. மக்கள் இப்போது யாரிடமிருந்து தகவல் பெறுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கடைக்காரர், சந்தை, அக்கம்பக்கத்தார் என்று பதில் வந்தது.

இடத்தை ஊரார் தர வேண்டும், ஊரார் சார்பில் ஆள் உட்கார வேண்டும், எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரத் தடை இருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். கடைசி நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏம்பலத்தில் மையம் கோயில் இடத்தில் அமைந்தது. நம் ஊர்களில் ஒரு பெட்டியை எந்தத் தெருவில் வைக்கிறோம் என்பதே அதை யார் பயன்படுத்துவார் என்பதைப் பாதி முடிவு செய்துவிடும். நிலம் உழுபவரும் நடவு நடுபவரும் எந்த வாசற்படியில் தயங்காமல் ஏற முடியும் என்று கேட்காமல் வைத்த பெட்டி, வைத்தவருக்கு மட்டுமே உதவும்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே கடல் அலையின் உயரம் பற்றிய தகவலை அமெரிக்கக் கடற்படையின் இணையத்திலிருந்து எடுத்து, தமிழில், ஒலிபெருக்கியில் தினமும் சொன்னார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அது நேரான பதில். மேட்டூர் நீர்மட்டம் போலத்தான். 2004 டிசம்பர் 26 காலையில், பக்கத்து ஊரான நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து சுனாமி பற்றி எச்சரித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்ததும் ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். கேட்டவுடன் ஓடினார்களே, அந்த நம்பிக்கை அந்தக் காலையில் உண்டானதல்ல. தினந்தினம் அதே குரலைக் கேட்டுச் சேர்ந்தது அது.

வேறு கதியும் உண்டு. 2001 முதல் மதுரை பக்கம் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்பத்தோடு கிராம இணைய மையங்கள் வந்தன. ஊர் இளைஞரே கடன் வாங்கி நடத்தி, வரும் கட்டணத்தில் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல காரியங்கள் நடந்தன. ஆனால் வரவு செலவைத் தாங்கவில்லை. பழுது பார்க்க ஆள் வருவதும் தாமதம். சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. மூடிய மையத்தைப் பார்த்த உழவர் அடுத்து வரும் திட்டத்தைச் சந்தேகத்தோடு பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

விலை தெரிந்தால் போதுமா?

2004 ஜனவரியில் கிசான் கால் சென்டர் வந்தது. அப்போது 1551 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேச முடிந்தது, பதில் தாய்மொழியில். பாமர உழவருக்குக் கேள்வி கேட்கும் வாய் முதன்முதலாகக் கிடைத்தது. பின்னர் செல்போன் எல்லார் மடியிலும் வந்துவிட்டது. "இனி சந்தை விலை கைக்குள், தரகரின் ஆட்டம் முடிந்தது" என்று பலர் எழுதினார்கள். நடந்தது என்ன?

கேரளக் கடற்கரையில் 1997க்கும் 2001க்கும் இடையில் செல்போன் வந்ததும் மத்தி மீன் வியாபாரம் மாறியதை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். விற்காமல் கடலில் கொட்டும் மீன் நின்றது, மீனவருக்கு லாபம் கூடியது, வாங்குபவருக்கு விலை சற்று இறங்கியது. மகாராஷ்டிரத்தில் உழவர்களுக்குக் குறுஞ்செய்தியில் சந்தை விலை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அதில் உழவருக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடும்படியான உயர்வு இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? என் கணிப்பைச் சொல்கிறேன். மீனவர் படகைத் திருப்பி இன்னொரு கரைக்குப் போக முடியும். நம் உழவர் பலரும் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கிய கமிஷன் மண்டிக்கே சரக்கைக் கொண்டுபோக வேண்டியவர். பத்து மூட்டைக்கு வண்டி வாடகை கொடுத்துத் தூரத்துச் சந்தைக்குப் போனால் கிடைத்த கூடுதல் விலை வாடகைக்கே சரி. வேறிடத்தில் நல்ல விலை என்று தெரிவதால் அவருக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது. 2000இல் ஐ.டி.சி. நிறுவனம் மத்தியப் பிரதேசத்தில் 'இ-சௌபால்' மையங்களை வைத்தது. விலையைச் சொன்னதோடு நிற்கவில்லை, சோயாவை வாங்கவும் செய்தது. விற்க இன்னோர் இடம் கிடைத்ததால் பழைய மண்டிகளிலும் விலை 1 முதல் 3 சதவீதம் வரை உயர்ந்தது என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தகவலோடு வாசலும் திறந்தால் உழவர் உள்ளே வருவார்.

2018இல் தமிழக அரசின் 'உழவன்' செயலி வந்தது. மானியம், வானிலை, உர இருப்பு, சந்தை விலை, வாடகை இயந்திரம் எல்லாம் தமிழில் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் விசாரித்தால் மானியம், இயந்திர வாடகை பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். சந்தை விலையைப் பார்ப்பவர் குறைவு. காரணம் எளிது. நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை எல்லாருக்கும் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டியது, நேரடிக் கொள்முதல் நிலையம் என்றைக்குத் திறக்கும், சாக்கு இருக்கிறதா, 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் இன்று எடுப்பார்களா என்பவை.

தொகுத்துப் பார்த்தால்

பந்தியில் கேட்ட தம்பிக்கு இப்போது பதிலை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு கருவியைப் பற்றி உழவர் என்ன நினைக்கிறார் என்பதை, நான் பார்த்தவரை, ஆறு சங்கதிகள் தீர்மானிக்கின்றன.

ஒன்று, கேட்டதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? 2018 நவம்பரில் கஜா புயல் வருமுன் எச்சரிக்கை எல்லாருக்கும் கிடைத்தது. ஜனங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். தென்னையை எங்கே கொண்டுபோவது?

இரண்டு, சொல்பவர் யார்? முகம் தெரிந்தவரா, அடுத்த போகத்திலும் அங்கே இருப்பவரா?

மூன்று, திருப்பிக் கேட்க முடியுமா? புனே மன்றங்கள் சொன்ன பாடம் இது.

நான்கு, பேச்சு அவருடையதா? அவர் 'புகையான்' என்று சொல்வதை அவரும் அறியாத பெயரில் எழுதி வைத்தால் எப்படித் தேடுவார்? எழுத்து தடுக்கும் இடத்தில் குரல் உதவும். இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து, கருவி யார் கையில்? நடவும் களையெடுப்பும் பெண்கள் செய்கிறார்கள், நல்ல போன் மகன் சட்டைப் பையில் இருக்கிறது. குத்தகைக்கு உழுபவர் வேலை செய்கிறார், பட்டா வேறொருவர் பெயரில் இருக்கிறது. 2019 முதல் வழங்கப்படும் பி.எம். கிசான் உதவித்தொகை நிலம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே. பட்டா இல்லாத குத்தகைக்காரர் அந்தத் திட்டத்துக்காகப் போனைத் திறந்து பார்த்து என்ன ஆகப் போகிறது?

ஆறு, தவறினால் நஷ்டம் யாருக்கு? மற்ற ஐந்தும் சரியாக இருந்தாலும் இந்த ஒன்று மாறவில்லை. ரேடியோ காலத்திலும் களத்தில்தான் நெல் நனைந்தது, செல்போன் காலத்திலும் களத்தில்தான் நனைகிறது. ஆகவே உழவர் தயங்குகிறார், பக்கத்து வயலைப் பார்க்கிறார், மூன்று மாவில் தொடங்குகிறார்.

வயசானவர்கள்தான் மாற மாட்டார்கள், படிக்காதவர்களுக்குப் புரியாது என்று நாமும் பலமுறை பேசியிருக்கிறோம். வயதும் படிப்பும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள்தாம் ஒரு நெல்லுக்கு ரேடியோவின் பெயரை வைத்தார்கள் என்பதை வரலாறு படித்தவன் என்ற முறையில் நினைவூட்டுகிறேன்.

எங்கள் பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய டிரான்சிஸ்டர் தோல் உறையோடு எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நிலத்தை என் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். போன வருஷம் ஊருக்குப் போனபோது போனில் ஏதோ ஒரு புது ரகத்தைப் பற்றிய வீடியோவைக் காட்டினான். "போடப் போறியாடா?" என்றேன். "மூணு மா போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன் பெரியப்பா" என்றான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கணினி படிக்கும் தம்பி, இதுதான் நான் அன்று சொல்ல நினைத்தது. நீங்கள் ஆப் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். எழுதுமுன் ஒரு குறுவை முழுக்க யாராவது ஒருவருடைய களத்தில் போய் நில்லுங்கள். நம் சங்கத்தில் நிலம் வைத்திருக்கும் நண்பர்கள் பலர் உண்டு. கேட்டால் மகிழ்ச்சியோடு அழைத்துப் போவார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையும் திறந்தே இருக்கிறது, காப்பியும் உண்டு.